ஜான் ஆர்லட்டின் வானொலி வர்ணனை: அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது?

குமரன் திருப்பூர்

வணக்கம். எங்கள் ஊர் கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு இந்த சீசனில் தமிழில் நேர்முக வர்ணனை தொடங்குகிறோம். இணையம் வழியாக ஒலி மட்டும், கேமரா கிடையாது. வர்ணனைக்கு இரண்டு பேர், ஒரு ஸ்கோரர், ஒரு மடிக்கணினி.

வானொலி வர்ணனை பற்றி எதைத் தேடினாலும் பிபிசியின் ஜான் ஆர்லட் பெயரில்தான் போய் நிற்கிறது. ஆனால் எல்லாரும் "கவிஞர், கணீர்க் குரல், அழகான உவமைகள்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மைக் முன்னால் உட்கார முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

அவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார்? பந்துக்குப் பந்து அவர் என்ன வரிசையில் பேசினார்? பக்கத்தில் இருந்த ஸ்கோரர் என்ன செய்தார்? எங்கள் அளவுக்கு என்ன கருவி போதும்?

---

மூன்றாவது ஸ்லிப்

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் நமக்கு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு.

ஆர்லட் 1914 பிப்ரவரி 25 அன்று ஹாம்ப்ஷயரில் உள்ள பேசிங்ஸ்டோக்கில் பிறந்தார். அப்பா கல்லறைத் தோட்டக் காவலர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. ஒரு மனநல மருத்துவமனையில் எழுத்தராக வேலை, பிறகு 1934இல் சவுத்தாம்ப்டன் போலீசில் சேர்ந்தார். அங்கே இருந்தபடியே கவிதை எழுதினார், இலக்கிய வட்டத்தில் நட்பு பிடித்தார். 1945இல் பிபிசியில் இலக்கிய நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆனார். ஒரு காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் பார்த்த வேலை அது. வெளிநாட்டு நேயர்களுக்கான கீழ்த்திசைப் பிரிவில் இருந்தது, அதாவது இந்தியாவுக்கு ஒலிபரப்பும் பிரிவு.

1946இல் மூத்த பட்டோடி தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. இந்திய நேயர்களுக்கு யாராவது அந்த ஆட்டங்களைச் சொல்ல வேண்டுமே! கிரிக்கெட் தெரிந்த தயாரிப்பாளர் என்பதால் வூஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களை ஆர்லட்டிடம் கொடுத்தார்கள். இந்தியாவில் வரவேற்பு நன்றாக இருந்ததால் தொடரச் சொன்னார்கள். ஆங்கில கிரிக்கெட்டின் அடையாளக் குரல் என்று பிறகு பெயர் வாங்கியவர், முதலில் பேசியது நம் ஆட்களுக்காகத்தான். சர்வாதேயும் பானர்ஜியும் 10ஆவது, 11ஆவது ஆட்டக்காரர்களாக இறங்கி, லண்டன் ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்கு எதிராகக் கடைசி விக்கெட்டுக்கு 249 ஓட்டம் சேர்த்தது அதே சுற்றுப்பயணத்தில்தான்.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. மைதானத்தையே பார்த்திராத, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சிற்றலை இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவருக்குப் பேசித்தான் அவர் பழகினார். லண்டனில் இருப்பவனுக்கு ஓவல் தெரியும். மதராஸில் இருப்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். புல்லின் நிறம், காற்று, ஆட்டக்காரர் நடந்து வரும் விதம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனதற்கு அந்தத் தொடக்கப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அன்றைய பிபிசி குரல் என்றால் வசதி படைத்தவர்கள் படிக்கும் தனியார் பள்ளி ஆங்கிலம். இவருடையதோ ஹாம்ப்ஷயர் நாட்டுப்புற உச்சரிப்பு, நிதானமான வேகம். அதை மாற்றிக்கொள்ளாமலே 1946 முதல் 1980 வரை 35 கோடைகாலங்கள் பேசினார். உங்கள் வர்ணனையாளருக்குக் கொங்குத் தமிழ்தான் வருமென்றால் அப்படியே பேசட்டும். செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வைத்தால் இரண்டாவது மணி நேரத்தில் மூச்சு வாங்கும், கேட்பவருக்கும் அது செயற்கையாகத் தெரிந்துவிடும்.

---

வானொலிப்பெட்டி

குமரன், உங்கள் இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். ஆர்லட்டின் உவமைகளைத் தொகுத்து வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அந்த உவமை எந்த இடத்தில் விழுந்தது என்று யாரும் கவனிப்பதில்லை. அவசியமான விவரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு கிடைத்த இடைவெளியில் மட்டுமே விழுந்தது.

1948 ஆகஸ்ட் 14, ஓவல். பிராட்மனின் கடைசி டெஸ்ட். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. உங்கள் இரண்டு வர்ணனையாளர்களும் அதைக் கேட்கட்டும், ஆனால் ரசிகராக இல்லாமல், கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. வரிசை இப்படிப் போகிறது:

பார்ன்ஸ் ஆட்டமிழந்து பிராட்மன் உள்ளே வருகிறார். சக வர்ணனையாளர் ரெக்ஸ் ஆல்ஸ்டன் மைக்கை ஆர்லட்டிடம் தருகிறார். "உங்கள் அளவுக்கு எனக்கு ராசி இல்லை, எனக்கு விக்கெட் விழும் என்று எதிர்பார்க்கவில்லை" என்ற பொருளில் ஒரு வார்த்தை. உடனே வேலை தொடங்குகிறது. யார் வீசுகிறார்: ஹோலிஸ். எந்த முனையிலிருந்து: வாக்ஸ்ஹால் முனை. முதல் பந்து: பிராட்மன் பின்னால் போய் மெதுவாகத் தள்ளுகிறார். எந்தத் திசையில்: மிட்-ஆஃபுக்கு அப்பால் இருக்கும் பார்லிமென்ட் கட்டடத்தின் பக்கம். அவ்வளவு தூரம் போகவில்லை, சில்லி மிட்-ஆஃபில் நிற்கும் வாட்கின்ஸிடம் போனது. ஓட்டம் இல்லை. ஸ்கோர் 117க்கு 1.

இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். பார்லிமென்ட் என்றது அலங்காரம் மாதிரித் தெரியும். ஆனால் லண்டன்காரருக்கு அது துல்லியமான திசை. அலங்காரமே தகவலாகவும் இருக்கிறது.

அடுத்த பந்துக்கு முன்னால் களத்தைச் சொல்கிறார்: இரண்டு ஸ்லிப், ஒரு சில்லி மிட்-ஆஃப், ஒரு ஃபார்வர்ட் ஷார்ட் லெக், எல்லாரும் நெருங்கி நிற்கிறார்கள். அந்த வாக்கியம் முடிவதற்குள் ஹோலிஸ் பந்தை விடுகிறார், போல்டு. சத்தம் எழுகிறது. ஆர்லட் அதைப் பொங்க விடுகிறார். பிறகு பதிவேட்டில் எழுதுவது போல "பிராட்மன், போல்டு ஹோலிஸ், பூஜ்யம்", கடைசிப் பகுதியை இன்னொரு முறை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் மேற்கோள் காட்டும் பகுதி வருகிறது: இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வது, எதிரணியே சுற்றி நின்று வாழ்த்திய கணத்தில் பந்து கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்.

ஆக வரிசை: வீசுபவர், முனை, பந்து, அடி, திசை, பிடித்தவர், ஓட்டம், ஸ்கோர். நேரம் மிஞ்சினால் களம். அதற்கும் மேல் மிஞ்சினால் கருத்து. இந்த ஒழுங்கை பிபிசியின் வெளிப்புற ஒலிபரப்புத் தலைவர் லோட்பினியர் வகுத்திருந்தார். பிரமிடு முறை என்று அதற்குப் பெயர். உச்சியில் மிக முக்கியமான ஒன்று, கீழே போகப் போக விரியும். எங்கே வெட்டினாலும் மேலே உள்ளது நேயருக்குக் கிடைத்திருக்கும்.

ஸ்கோரை எத்தனை முறை சொல்வது? புதியவர்கள் எல்லாருக்கும் இது குறையாகவே இருக்கும். சொன்னதையே சொல்கிறோமோ என்று கூச்சப்படுவார்கள். நேயர் ஒவ்வொரு நிமிடமும் புதிதாக வந்து சேர்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் 3 நிமிட முட்டை வேகவைக்கும் மணற்கடிகாரத்தை முன்னால் வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நீங்களும் ஒன்று வாங்கி வையுங்கள். கைப்பேசி அலாரத்தைவிட இதுவே நல்லது, சத்தம் போடாது, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

---

குமரன் திருப்பூர்

மிக்க நன்றி சார், இந்தப் பிராட்மன் பகுதி ஒன்றே போதும். ஒரு சந்தேகம். இந்த வரிசையில் தமிழில் பேசிப் பார்த்தால் வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது. "செந்தில் வீசிய பந்தை பாபு முன்காலில் வந்து கவர் திசையில் தட்டிவிட்டு ஒரு ஓட்டம் எடுத்தார்" என்று முடிப்பதற்குள் அடுத்த பந்துக்கு ஓடி வருகிறார். நிகழ்ச்சிக்குப் பின்னாலேயே ஓடுகிற மாதிரி இருக்கிறது.

---

வானொலிப்பெட்டி

நீங்கள் எழுதியது ஆட்டம் முடிந்தபின் எழுதும் செய்தியின் வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால், ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைத்தால் முடிவு கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை நேயர் காத்திருக்க வேண்டும், கூட்டத்தின் சத்தம் உங்களை முந்திவிடும். ஆகவே உடையுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு துண்டு:

"மேற்கு முனையிலிருந்து செந்தில். ஓடி வருகிறார். வீசினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அளவு குறைவு. பாபு பின்னால் போய் வெட்டினார். பாயின்ட்டுக்கு வலப்பக்கம், ஆளில்லை. நான்கு. 51க்கு 2."

முற்றுவினை இல்லாத துண்டுகள் வரட்டும், தப்பில்லை. "வருகிறார்" நிகழ்காலம், பந்து கையைவிட்டுப் போன கணம் "வீசினார்" என்று இறந்தகாலம். இந்தக் காலமாற்றமே நேயருக்கு மணி அடித்த மாதிரி. எல்லாவற்றையும் "வீசுகிறார், அடிக்கிறார், ஓடுகிறார்" என்று நிகழ்காலத்திலேயே வைத்தால் பந்து எப்போது விடப்பட்டது என்றே தெரியாது. சேப்பாக்கம் டெஸ்டுகளுக்கு வானொலியில் தமிழ் வர்ணனை செய்த அப்துல் ஜப்பார் போன்றவர்களின் பதிவு எங்காவது கிடைத்தால் இதற்காகவே கேளுங்கள்.

முடிவை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பந்து உயரே போனதும் "அவுட்!" என்று கத்துவது, பிடி தவறினால் அடுத்த ஐந்து நொடி திருத்தம் சொல்வது, இது அடிக்கடி நடக்கும். உயரே போனால் "உயரே" என்று சொல்லுங்கள். யார் கீழே வருகிறார் என்று சொல்லுங்கள். பிடித்த பிறகு பிடித்தார் என்று சொல்லுங்கள். குரலும் அப்படியே: வீச்சாளர் ஓடி வரும்போதே உச்சிக்கு ஏற்றிவிட்டால், விக்கெட் விழும்போது போக இடம் இருக்காது. ஆர்லட்டின் பதிவுகளில் இதைக் கேட்கலாம், சாதாரணப் பந்துக்கு அவர் குரல் தரையோடுதான் இருக்கும்.

இன்னொன்று, முனைகளுக்குப் பெயர் வையுங்கள். சேப்பாக்கத்தில் அண்ணா பெவிலியன் முனை, பட்டாபிராமன் வாயில் முனை என்று இருக்கின்றன. உங்கள் மைதானத்தில் தண்ணீர்த்தொட்டி, பள்ளிக்கூடம், ரயில்பாதை, எது இருக்கிறதோ அது. "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்", "எனக்கு இடதுபுறம்" இவை கேட்பவருக்கு ஒன்றும் சொல்லாது. இடதுகை ஆட்டக்காரர் வந்ததும் ஆஃப் பக்கம், லெக் பக்கம் புரண்டுவிடும். இடது, வலது என்று சொல்லிப் பழகியவர் அங்கேதான் தடுமாறுவார். ஒவ்வொரு புது ஆட்டக்காரரும் வந்ததும் எந்தக் கை என்று சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு ஓவர் தொடக்கத்திலும் வீசும் முனையைச் சொல்லிவிடுங்கள்.

---

ஸ்கோர்புக்

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. ஸ்கோரரை எல்லாரும் இப்படித்தான் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பிபிசியின் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல் 1957 மே 30 அன்று எட்ஜ்பாஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட்டில் தொடங்கியது. அதுவரை வானொலியில் ஆட்டத்தின் சில பகுதிகள்தான் வரும். அன்றிலிருந்துதான் ஒரு பந்து விடாமல். முதல் டெஸ்ட்டிலேயே இங்கிலாந்தின் பீட்டர் மேயும் காலின் கௌட்ரியும் 4ஆவது விக்கெட்டுக்கு 411 ஓட்டம் சேர்த்தார்கள், மே 285 நாட் அவுட், கௌட்ரி 154. அப்படி மணிக்கணக்கில் விக்கெட்டே விழாமல் போகும்போது நேயரைப் பிடித்து வைப்பது புள்ளிவிவரம்தான். 1966இல் பில் ஃபிரிண்டால் ஸ்கோரராக வந்தார். 2009இல் இறக்கும் வரை அவர்தான். ஆர்லட்டின் கடைசி 15 கோடைகாலம் அவர் பக்கத்தில்.

ஃபிரிண்டால் சாதாரண ஸ்கோர்புக்கில் எழுதவில்லை. கடையில் கிடைக்கும் ஸ்கோர்புக்கில் ஆட்டக்காரரின் ஓட்டம் ஒரு இடத்தில், வீசியவரின் ஓவர் இன்னொரு இடத்தில். இரண்டையும் சேர்த்து "இந்த வீச்சாளரின் எத்தனை பந்தை இந்த ஆட்டக்காரர் சந்தித்தார்" என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்திரேலியர் பில் ஃபெர்குசன் கையாண்ட வரி முறையை ஃபிரிண்டால் செம்மைப்படுத்தினார். ஒரு ஓவருக்கு ஒரு வரி. நீங்கள் ஏ3 தாளில் குறுக்குவாட்டில் இப்படிக் கோடு போடலாம்:

நேரம் | முனை 1 வீச்சாளர், ஓவர் எண் | முனை 2 வீச்சாளர், ஓவர் எண் | இடப்பக்க ஆட்டக்காரர்: பந்துகள், சந்தித்தது, 4/6 | வலப்பக்க ஆட்டக்காரர்: அதே | குறிப்பு | ஓவர் முடிவில்: மொத்தம், விக்கெட், உதிரி (எக்ஸ்ட்ரா), இருவரின் ஓட்டம்

ஒவ்வொரு பந்தும் அதைச் சந்தித்தவரின் கட்டத்தில் விழும். குறிப்புக் கட்டம் முக்கியம்: பிடி தவறியது, அடிபட்டது, பந்து மாற்றியது, மழைக்கு நிறுத்திய நேரம். வர்ணனையாளர் ஒரு மணி நேரம் கழித்து "பாபுவுக்கு 12இல் ஒரு பிடி தவறியது" என்று சொல்வது அங்கிருந்துதான்.

ஒவ்வொரு ஓவர் முடிவிலும் இரண்டு சரிபார்ப்பு. ஆட்டக்காரர்களின் ஓட்டம் + எல்லா உதிரிகளும் = மொத்தம். வீச்சாளர்கள் கொடுத்தது + பை + லெக் பை = மொத்தம். வைடும் நோ-பாலும் வீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. புதியவர்கள் தவறுவது இங்கேதான். அடுத்த ஓவரின் முதல் பந்துக்குள் இது முடிய வேண்டும். விட்டுவிட்டால் ஐந்து ஓவர் கழித்து வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடவே முடியாது.

வர்ணனையாளருக்கு வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், மைக்கில் விழும். அஞ்சலட்டை அளவு வெள்ளை அட்டை, தடித்த மார்க்கர். ஒரு அட்டையில் ஒரே செய்தி: "கூட்டணி 48", "செந்தில் 6-1-19-2", "அடுத்த ஓட்டம் 50". மூன்று செய்தியை ஒரே அட்டையில் எழுதினால் அவர் வாசிக்கத் தொடங்கிவிடுவார், ஆட்டத்திலிருந்து கண் விலகும். ஸ்கோரர் உட்கார வேண்டிய இடம் வர்ணனையாளரின் பக்கத்தில், அதே கோணத்தில். பின்னால் உட்கார வைக்காதீர்கள், நடுவர் சைகை மறையும்.

---

ஒலிப்பதிவு மதுரை

கருவி விஷயம்.

வானொலி வர்ணனையாளர்கள் வாயோடு ஒட்டிப் பிடிக்கும் மைக்கைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உதட்டு மைக். பிபிசி 1930களில் மார்கோனியோடு சேர்ந்து உருவாக்கியது, அதன் வழிவந்த கோல்ஸ் 4104 இன்னும் கிடைக்கிறது. மேலே ஒரு சட்டம் உண்டு, அதை மேல் உதட்டில் வைக்க வேண்டும். அப்போது வாய்க்கும் உள்ளே இருக்கும் ரிப்பனுக்கும் (ஒலியை வாங்கும் மெல்லிய உலோகப் பட்டை) தூரம் 54 மி.மீ. என்று மாறாமல் நிற்கும். ரிப்பன் மைக்குக்கு மிக அருகில் எழும் ஒலியில் அடித்தொனி பெருகும். அந்தப் பெருக்கத்தை உள்ளேயே வெட்டி சமன் செய்திருக்கிறார்கள். வெட்டும்போது தூரத்திலிருந்து வரும் கூட்ட இரைச்சலின் அடித்தொனியும் சேர்ந்து போய்விடும். அதனால் பக்கத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் பேச்சு தெளிவாக வரும். சட்டத்தை உதட்டிலிருந்து எடுத்தால் குரல் மெலிந்து தகரம் மாதிரி ஒலிக்கும்.

விலை அதிகம். உங்களுக்கு அது வேண்டாம். விளையாட்டு வர்ணனைக்கான ஹெட்செட், அதாவது காதுமூடியோடு டைனமிக் மைக் இணைந்தது, இரண்டு வாங்குங்கள். தலை திரும்பினாலும் தூரம் மாறாது, அதுதான் உதட்டு மைக்கின் தத்துவமும். மேசை மைக் வேண்டாம், பந்தைப் பார்க்கத் தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் குரல் ஓடிவிடும். கண்டென்சர் மைக்கும் வேண்டாம்.

மைதான ஒலிக்குத் தனியாக ஒரு மைக். எல்லைக்கோட்டுக்கு அருகே, களத்தைப் பார்த்து, பஞ்சும் மேலே ரோமக் காற்றுத்தடுப்பும் போட்டு. அறிவிப்பு ஒலிபெருக்கியிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு. மிக்சரில் அதற்கென ஒரு தடம், பேச்சைவிட 12 டெசிபெல் அளவுக்குக் கீழே, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், காற்றின் உறுமல் போகும். பேச்சு வந்ததும் மைதான ஒலியைத் தானாக அமுக்கும் வசதி மென்பொருளில் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். பேச்சு நிற்கும்போதெல்லாம் கூட்டம் திடீரென்று பொங்கி, பேசியதும் மூழ்கும், கேட்க முடியாது. ஒரே அளவில் ஓடட்டும். பிராட்மன் அவுட்டானபோது ஆர்லட் நிறுத்திய இடத்தை நிரப்பியது மைதான ஒலிதான். மைதான ஒலி இல்லாமல் வர்ணனையாளர் பேச்சை நிறுத்தினால் இணைப்பு போய்விட்டது என்றுதான் நேயர் நினைப்பார், அந்தப் பயத்தில் வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுவார்.

அளவு: சாதாரணப் பேச்சு -18 டெசிபெல் அருகில், உச்சம் -6ஐத் தாண்டாமல். சோதிக்கும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிப் பார்க்காதீர்கள். "அவுட்!" என்று கத்தச் சொல்லி அதற்கு வையுங்கள். விக்கெட் விழும் கணத்தில்தான் ஒலி உடையும், அது ஒன்றுதான் எல்லாருக்கும் வேண்டியதும்.

---

மூன்றாவது ஸ்லிப்

1970இல் ஆர்லட் வர்ணனை செய்ய மறுத்தது பற்றி யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன், ஆர்லட்டைப் பற்றி இது இல்லாமல் பேசக் கூடாது.

1948-49இல் தென்னாப்பிரிக்கா போனபோது நிறவெறியை நேரில் பார்த்தார். இனம் என்ன என்று கேட்ட படிவத்தில் "மனிதன்" என்று எழுதியவர். கேப் டவுனிலிருந்து பேசில் டி'ஒலிவேரா என்ற ஆட்டக்காரர், வெள்ளையர் அல்லாதவர் என்பதால் தன் நாட்டு அணியில் ஆடவே முடியாதவர், ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். ஆர்லட் அலைந்து திரிந்து 1960இல் லங்காஷயரில் மிடில்டன் கிளப்பில் அவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். 1966இல் டி'ஒலிவேரா இங்கிலாந்துக்கு ஆடினார். 1968இல் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தார். அவர் இருக்கும் அணியை ஏற்க மாட்டோம் என்று தென்னாப்பிரிக்க அரசு சொல்ல, அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி அங்கே போகவிருந்த சுற்றுப்பயணமே ரத்தானது.

1970இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தது. அந்த ஆட்டங்களுக்கு வர்ணனை செய்ய மாட்டேன் என்று ஆர்லட் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். அவருடைய பிழைப்பே அதுதான், இருந்தும் எழுதினார். மே மாதம் அந்தச் சுற்றுப்பயணமும் ரத்தானது. ஒரு வர்ணனையாளர் மைக்கைத் தொட மறுத்ததே பேச்சைவிடக் கனமாக ஒலித்த தருணம் அது. எனக்கு அவருடைய எந்த உவமையையும்விட இதுவே பெரிது.

---

குமரன் திருப்பூர்

இந்த டி'ஒலிவேரா விஷயம் தெரியவே தெரியாது. நன்றி சார்.

இரண்டு வர்ணனையாளரை எப்படிப் பங்கிடுவது? ஒருவர் பந்து, ஒருவர் கருத்து என்றா? ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எப்படி மாறுவது?

---

வானொலிப்பெட்டி

ஆர்லட் காலத்து டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷலில் ஒரு வர்ணனையாளருக்கு ஒரு முறை 20 நிமிடம். பக்கத்தில் ட்ரெவர் பெய்லி, ஃபிரெட் ட்ரூமன் போன்ற முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், ஓவர்களுக்கு இடையில் மட்டும் பேசுவார். பந்து உயிரோடு இருக்கும்போது ஒரே குரல்தான். இதை இறுகப் பிடியுங்கள். இரண்டு பேரும் பந்தைப் பற்றிப் பேசினால் நேயருக்கு இரண்டு ஆட்டம் கேட்கும்.

நீங்கள் இருவர் மட்டும் என்பதால்: ஒருவர் 20 நிமிடம் பந்துக்குப் பந்து, மற்றவர் ஓவர் இடைவெளியில் இரண்டு வாக்கியம். பிறகு மாறிக்கொள்ளுங்கள். மாறுவது ஓவர் முடிவில்தான், கடிகாரம் 20 ஆனதும் ஓவர் நடுவில் இல்லை. 20 நிமிடத்துக்கு மேல் போனால் கண் தளரும், முதலில் போவது களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்ற விவரம். அதை அவர் சொல்வது குறைந்தால் மாற்றிவிடுங்கள்.

மாற்றும் வாக்கியத்துக்கு ஆர்லட்டின் கடைசி டெஸ்ட்டைப் பாருங்கள். 1980 செப்டம்பர் 2, லார்ட்ஸ், ஆஸ்திரேலியாவோடு நூற்றாண்டு டெஸ்ட்டின் கடைசி நாள். அவருடைய கடைசி ஓவர். விடைபெறும் உரை ஏதோ வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சொன்னது: ஓவரில் 9 ஓட்டம், பாய்காட் 28, கௌவர் 15, 69க்கு 2, ட்ரெவர் பெய்லிக்குப் பிறகு கிறிஸ்டோஃபர் மார்ட்டின்-ஜென்கின்ஸ். அவ்வளவே. மைதான ஒலிபெருக்கியில் செய்தி சொன்னதும் கூட்டமும் வீரர்களும் கைதட்டினார்கள், ஆடிக்கொண்டிருந்த பாய்காட்டும் தட்டினார்.

ஓவரில் வந்த ஓட்டம், இரு ஆட்டக்காரரின் ஓட்டம், மொத்தம், அடுத்தவர் பெயர். இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதுவே. "இப்போது நம் அருமை நண்பர் அவர்களை அன்போடு அழைக்கிறேன்" என்று தொடங்கினால் அடுத்த ஓவரின் முதல் பந்து போய்விடும்.

உவமை பற்றி ஒரு வார்த்தை. 1975 உலகக்கோப்பை இறுதியில் கிளைவ் லாய்டின் ஒரு அடியை, கைத்தடியால் முட்செடியின் தலையைத் தட்டிவிடும் ஆளின் அடி என்றார் ஆர்லட். அது வேலை செய்ததற்குக் காரணம், லாய்டு எவ்வளவு குறைந்த முயற்சியில் அடித்தார் என்ற தகவல் அதில் இருக்கிறது. முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு வந்து பொருத்துகிற உவமையில் அந்தத் தகவல் இருக்காது. உங்கள் ஆட்கள் எழுதி வைத்துக்கொண்டு வந்தால் வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

---

ஒலிப்பதிவு மதுரை

கடைசியாக இணைப்பு பற்றி. பேச்சுக்கு மோனோ, ஏஏசி (ஒலியைச் சுருக்கும் முறை) 64 கேபிபிஎஸ் போதும். மணிக்கு 29 எம்பி, 7 மணி நேரத்துக்கு 200 எம்பி அளவு. பதிவேற்ற வேகம் நிலையாக 256 கேபிபிஎஸாவது இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் சோதித்துப் பயனில்லை. கூட்டம் இருக்கும் ஞாயிறு பிற்பகலில் சோதியுங்கள், கைப்பேசிக் கோபுரம் நெரிசலாவது அப்போதுதான். இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் சிம் வையுங்கள். மடிக்கணினியில் தனியாகப் பதிவும் ஓடட்டும்.

இணைய ஒலிபரப்பு 20, 30 நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். உங்கள் ஸ்கோரர் விக்கெட் விழுந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் வர்ணனையின் உயிர் போய்விடும். எத்தனை நொடி தாமதம் என்று ஒரு கைப்பேசியில் கேட்டு அளந்துகொள்ளுங்கள், குழுவில் ஸ்கோர் போடுவதை ஓவர் முடிவுக்குத் தள்ளி வையுங்கள். வர்ணனையாளர் காதுமூடியில் மிக்சரிலிருந்து நேரடி ஒலி போக வேண்டும், இணையத்திலிருந்து திரும்பி வருவதைக் கொடுத்தால் தன் குரலே அரை நிமிடம் கழித்துக் கேட்டுப் பேச்சு குழறும்.

---

ஸ்கோர்புக்

ஏ3 தாளை ஒரு ஆட்டத்துக்கு மூன்று எடுத்து வையுங்கள். பென்சில், அழிப்பான், பின்னால் கடின அட்டை, நான்கு பக்கமும் கிளிப். திருப்பூர் காற்றுக்கு இரண்டு கிளிப் போதாது.